அத்தியாயம் 7: லெச்லேடிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு, தேம்ஸ் கரையில் மூன்று நாள்

தேம்ஸ் என்றதும் லண்டன் பாலமும் பாராளுமன்றக் கோபுரமும்தான் நம் கண்ணில் நிற்கும். இந்த அத்தியாயத்தில் வரும் தேம்ஸ் வேறு. லெச்லேட் என்ற சிற்றூரில் அது நம் ஊர்ப் பெரிய வாய்க்கால் அகலம்தான். புல்வெளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, அவசரமே இல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டை நோக்கிப் போகிறது. அதன் கரையோடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடக்கப் போகிறோம். வழியில் கல்வீட்டுக் கிராமங்கள், பழைய பாலங்கள், கடைசி நாளில் ஒரு பெரிய காடு, முடிவில் பல்கலைக்கழக நகரம்.

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரும் "ஒரு நீண்ட நடை நடக்க வேண்டும், எங்கே தொடங்கலாம்?" என்று கேட்டால் நான் இந்தப் பாதையைத்தான் சொல்வேன். ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது. 1996-ல் திறக்கப்பட்ட 184 மைல் தேம்ஸ் தேசிய நடைபாதையின் ஒரு துண்டு இது என்பதால் வழிகாட்டும் பலகைகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள்: இங்கே நாள் குறிப்பது நீங்கள் அல்ல, ஆறு.

எப்போது போகலாம்

மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய. ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். காலையில் தாமதமாகக் கிளம்பினாலும் பதற்றமில்லை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

குளிர்காலத்தை நான் விலக்கச் சொல்வது குளிருக்காக இல்லை, வெள்ளத்துக்காக. இந்த 50 கிலோமீட்டரும் வெள்ளச் சமவெளி. மண்ணோ களிமண், நீரை எளிதில் உறிஞ்சாது. ஆறு நிரம்பினால் முதலில் வயல் மூழ்கும், பிறகு பாதை மூழ்கும், கடைசியில் எது பாதை எது ஆறு என்றே தெரியாது. நான் முதல் முறை போனது ஒரு பிப்ரவரி. மழை விட்டு இரண்டு நாள் ஆயிற்றே, நீர் வடிந்திருக்கும் என்று நம்பினேன். மேற்கே காட்ஸ்வோல்டு குன்றுகளிலிருந்து கிளையாறுகள் வழியே வரும் நீர் தாமதமாகத்தான் வந்து சேரும். மழை நின்ற பிறகும் ஆறு ஏறிக்கொண்டிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் நாள் வழியில் வரும் கெல்ம்ஸ்காட்டைத் தாண்டியதும் முழங்கால் அளவுத் தண்ணீரில் வேலிக்கம்பங்கள் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தேன்.

புறப்படும் முன்: ஆறு வேலைகள்

1. ஆற்றின் நிலையைப் பாருங்கள். இங்கிலாந்து அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் மேல் தேம்ஸ் பகுதிக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு ஒரு முறை, முதல் நாள் இரவு ஒரு முறை.

2. தங்கும் இடத்தை முன்பதிவு செய்யுங்கள். முதல் இரவு ராட்காட் பாலத்தருகே, இரண்டாம் இரவு நியூபிரிட்ஜில். இரண்டு இடத்திலும் பாலத்தை ஒட்டிப் பழைய சத்திரங்கள் இருக்கின்றன. அறை இருக்கிறதா, அன்றைக்குச் சமையலறை திறந்திருக்குமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பல ஊர்ச் சத்திரங்களில் மதியம் இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டு ஆறு மணிக்குத்தான் மூட்டுவார்கள். ஞாயிறு இரவு மூட்டாமலும் இருக்கலாம். சைவம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. கூடாரம் போட எண்ணமா? இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதியின்றிக் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது. ஆற்று மதகுகள் சிலவற்றை ஒட்டிக் கூடார இடங்கள் உண்டு. அவற்றையும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. காகித வரைபடம் வாங்குங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடம் வயல் வேலி வரை காட்டும். கைபேசியிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு.

5. செருப்பு, காலணி. மலை ஏறும் கனத்த பூட்ஸ் வேண்டாம். ஈரம் புகாத, நன்கு பழகிய நடைக் காலணி போதும். புதுக் காலணியோடு கிளம்பாதீர்கள். மாலையில் கால் ஆற ஒரு ரப்பர் செருப்பு.

6. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். எந்த நாள் எந்தப் பாலத்தில் இருப்பேன், இரவு எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.

பையில் என்ன

பை ஏழெட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். மழைச்சட்டை, மாற்றுக் காலுறை மூன்று சோடி, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, உண்ணி எடுக்கும் சிறு இடுக்கி, விசில், தலைவிளக்கு, பவர் பேங்க், ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

சாப்பாட்டை நீங்களே கொண்டு போங்கள். லெச்லேடில் கடைகள் இருக்கின்றன. அதை விட்டால் ஆக்ஸ்ஃபோர்டு வரை ஆற்றங்கரையில் மளிகைக் கடையை எதிர்பார்க்காதீர்கள். முதல் நாளுக்குப் புளியோதரை. எண்ணெய் சற்றுத் தூக்கலாகக் கலந்து, நன்றாக ஆறவிட்டுக் கட்டினால் மாலை வரை தாங்கும். தயிர்சாதம் வெயில் நாளில் மதியத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த இரு நாளுக்குக் காய்ந்த சப்பாத்தி, ஊறுகாய், வேர்க்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். வியர்க்கும்போது உப்பு தேவை என்பதால் கடலையை உப்புக் கடலையாக எடுங்கள்.

பாதையை எப்படிப் படிப்பது

மூன்று அடையாளங்களைக் கற்றுக்கொண்டால் வழி தவறாது.

முதலாவது ஓக் விதை. தேசிய நடைபாதைகளின் சின்னம் அது. கதவுக் கம்பத்தில், பலகையில், பாலத்து முனையில் அந்தச் சின்ன விதைப் படத்தைத் தேடுங்கள். பதினைந்து நிமிடம் நடந்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் நின்று வரைபடத்தைப் பாருங்கள். பாதை கரை மாறும் இடங்களில்தான் பெரும்பாலும் தவறுவோம்.

இரண்டாவது லாக். ஆற்று மட்டம் படிப்படியாக இறங்குவதால், படகுகளை ஏற்றி இறக்க இரட்டைக் கதவு வைத்துக் கட்டிய மதகுத் தொட்டிதான் லாக். லெச்லேடிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு முடிய இவை பன்னிரண்டு. வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: செயின்ட் ஜான்ஸ், பஸ்காட், கிராஃப்டன், ராட்காட், ரஷி, ஷிஃபர்ட், நார்த்மூர், பின்க்ஹில், ஐன்ஷம், கிங்ஸ், காட்ஸ்டோ, ஆஸ்னி. எங்கே இருக்கிறோம் என்று யாராவது கேட்டால் "ரஷி தாண்டிவிட்டோம்" என்றால் போதும். ஆற்றோடு பழகியவர்களுக்குப் புரியும். அவசரத்தில் உதவி கேட்கும்போதும் இந்தப் பெயர்களே உங்கள் முகவரி.

லாக்கருகே தொங்கும் பலகைகளையும் பாருங்கள். ஆறு வேகமெடுக்கும்போது மஞ்சள் பலகையும், ஓட்டம் பலமானால் சிவப்புப் பலகையும் வைப்பார்கள். படகோட்டிகளுக்காக வைப்பதுதான். ஆனால் சிவப்பைக் கண்டால் நடப்பவரும் அடுத்த ஊரில் பயணத்தை நிறுத்துவதே நல்லது. மதகுக் காவலர் இருந்தால் வணக்கம் சொல்லி, முன்னே பாதை எப்படி என்று கேளுங்கள். அவரைவிட நன்றாக அந்த ஆற்றை அறிந்தவர் கிடையாது.

மூன்றாவது கான்கிரீட் பெட்டிகள். 1940-ல் ஜெர்மானியப் படையெடுப்புக்கு அஞ்சி, தேம்ஸையே ஒரு தடுப்புக் கோடாக வைத்துக் கரையோரம் துப்பாக்கிக் காவல் அறைகளைக் கட்டினார்கள். புல் மூடி, மாடுகள் உரசும் சுவர்களாக அவை இன்றும் நிற்கின்றன. உள்ளே போகாதீர்கள், கண்ணாடிச் சில்லும் காஞ்சொறியும் நிறைந்திருக்கும். வரைபடத்தில் இடத்தை உறுதி செய்ய மட்டும் உதவும்.

நாள் 1: லெச்லேட் – ராட்காட் (சுமார் 11 கி.மீ.)

வேண்டுமென்றே சிறிய நாள் இது. லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஸ்விண்டன், அங்கிருந்து பேருந்தில் லெச்லேட் என்று வந்து சேரவே மதியமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

1. லெச்லேட் சந்தைத் திடலில் இறங்கி, தண்ணீர் நிரப்பி, கழிப்பறைக்குப் போய்வாருங்கள்.

2. தெற்கே இறங்கினால் 1792-ல் கட்டிய அரைப்பென்னிப் பாலம். ஒரு காலத்தில் கடக்க அரைப்பென்னி வாங்கிய பாலம். அதைக் கடந்து புல்வெளியில் இறங்கி, ஆறு ஓடும் திசையில் திரும்புங்கள். திசை தெரியாவிட்டால் ஒரு இலையைப் போட்டுப் பாருங்கள்.

3. ஒரு கிலோமீட்டரில் செயின்ட் ஜான்ஸ் லாக். ஆற்றின் மேல்கோடி லாக் இதுதான். தாடியோடு சாய்ந்து படுத்திருக்கும் தேம்ஸ் தந்தையின் சிலை இங்கே இருக்கிறது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகைக்காகச் சிற்பி ரஃபயேல் மோன்டி செய்தது; ஆற்றின் ஊற்றிடத்தில் சில காலம் இருந்துவிட்டு 1974-ல் இங்கு வந்தது.

4. சற்று தூரத்தில் வரும் மரப் பாலத்தில் வடகரைக்கு மாறுங்கள். 2000-ல்தான் இந்தப் பாலம் வந்தது. அதற்கு முந்தைய பழைய புத்தகங்கள் உங்களைச் சாலையில் நடக்கச் சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

5. பஸ்காட் லாக்கைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டரில் இடப்பக்கம் கெல்ம்ஸ்காட்.

கெல்ம்ஸ்காட்டில் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871 முதல் 1896-ல் இறக்கும் வரை தன் நாட்டுப்புற வீடாக வைத்திருந்த மாளிகை ஆற்றிலிருந்து சில நிமிட நடையில். எல்லா நாளும் திறப்பதில்லை, முன்பே பாருங்கள். மூடியிருந்தாலும் ஊரின் சிறு தேவாலயத்துக்குப் போங்கள். வெளியே, வீட்டுக் கூரை போலச் சரிந்த மூடியுள்ள எளிய கல்லறை அவருடையது. வில்லோ இலை வரைந்த அவருடைய துணியையும் சுவர்த்தாளையும் பார்த்தவர்களுக்கு, அந்த மரங்களே கரை நெடுக நிற்பது தெரியும்.

6. கிராஃப்டன் லாக் தாண்டி ராட்காட் பாலம். தேம்ஸின் மீது இன்றும் நிற்கும் பாலங்களில் மிகப் பழையது, சுமார் 1200-ஐச் சேர்ந்தது. ஒரே வண்டி போகும் அகலம். நடக்கும்போது வண்டிக்கு வழி விட்டு ஓரமாக நில்லுங்கள், நடைமேடை கிடையாது.

குறிப்பு: முதல் நாள் மாலை கால்களைப் பாருங்கள். சமதரையில் நடப்பது மலை ஏறுவதைவிட எளிது என்று நினைப்பதுதான் இந்தப் பாதையில் எல்லோரும் செய்யும் தவறு. ஏற்ற இறக்கம் இருந்தால் தசைகள் மாறி மாறி உழைக்கும். இங்கே ஒரே அடி, ஒரே இடம், ஆயிரக்கணக்கான முறை. என் அக்கா மகன் ஒரு முறை கூட வந்தான். கிராஃப்டன் அருகே, "மாமா, குதிகால்ல லேசா சுடுது. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றான். "இப்பவே உக்காருடா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மாலையில் கொப்புளம் உடைந்து, மறுநாள் காலை அவன் ஃபாரிங்டனுக்கு டாக்சி பிடித்து வீடு திரும்பினான். சுடுகிறது என்று தோன்றும் அந்த நிமிடமே நில்லுங்கள். காலுறையைக் கழற்றி, காலை உலர்த்தி, பட்டை ஒட்டி, வேறு காலுறை போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

நாள் 2: ராட்காட் – நியூபிரிட்ஜ் (சுமார் 16 கி.மீ.)

மூன்று நாளில் மிகத் தனிமையான நாள் இது. ஊர்கள் வெள்ளத்துக்கு அஞ்சித் தள்ளித் தள்ளியே இருக்கின்றன. காலையில் சத்திரத்தில் தண்ணீரை முழுதாக நிரப்புங்கள். இடையில் டாட்போல் பாலத்தருகே ஒரு சத்திரம். அதை விட்டால் ஒன்றுமில்லை.

1. ராட்காட் லாக்கைத் தாண்டி ரஷி லாக் வரை நிதானமாக நடங்கள்.

2. ரஷியில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அங்குள்ள தடுப்பணை பழைய முறையில் இயங்குவது. குத்துக்கட்டைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மீது பலகைகளைக் கையாலேயே சொருகியும் உருவியும் நீரைக் கூட்டிக் குறைப்பார்கள். நம் ஊர் மதகில் பலகை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். தேம்ஸில் இந்த முறை மிகச் சில இடங்களில்தான் மிச்சம்.

3. டாட்போல் பாலத்தில் மதிய உணவு. மேலே நடக்கத் தெம்பில்லை என்றால் விலக வேண்டிய இடமும் இதுதான். தெற்கே சுமார் 4 கி.மீ. சாலையில் நடந்தால் ஏ420 நெடுஞ்சாலை. ஸ்விண்டன்–ஆக்ஸ்ஃபோர்டு பேருந்து அவ்வழி ஓடுகிறது. இதற்குப் பிறகு நியூபிரிட்ஜ் வரை நல்ல விலகல் வழி கிடையாது.

4. சிம்னி புல்வெளிகள், ஷிஃபர்ட். இங்கே ஆறு பெரிய வளைவு எடுக்கும். லாக்குக்காக வெட்டிய நேர் கால்வாய் தனியே ஓடும். பாதை கால்வாயைக் கடந்து திரும்பும் இடத்தில் ஓக் விதையைப் பார்த்தே திரும்புங்கள்.

5. நியூபிரிட்ஜ். "புதுப்பாலம்" என்று பெயர். ஆனால் ராட்காட்டுக்கு அடுத்தபடியாகத் தேம்ஸின் பழைய பாலங்களில் ஒன்று. வின்ட்ரஷ் ஆறு இங்கே வந்து சேர்கிறது. அதன் பிறகு தேம்ஸ் சற்று அகலமாவதை மறுநாள் காலையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

மாடுகள்: இதை இரண்டு முறை படியுங்கள்

நமக்கு மாடு பயமில்லை. சிறு வயதிலிருந்து தடவி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கமே இங்கே ஆபத்து. இங்குள்ளவை கயிறு கட்டிக் கையில் பழகிய மாடுகள் அல்ல. திறந்த வெளியில் மந்தையாகத் திரியும் கனத்த இறைச்சி மாடுகள். கன்றோடு இருக்கும் தாய்ப்பசு யாரையும் நம்பாது. இங்கிலாந்தில் நடைபயணிகள் மாடு மிதித்து இறந்ததும் உண்டு.

- தடவப் போகாதீர்கள், வாழைப்பழம் நீட்டாதீர்கள்.
- பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். மந்தை பாதையை மறித்திருந்தால் வயலின் ஓரமாகச் சுற்றிப் போய் மீண்டும் பாதையில் சேருங்கள்.
- இளங்காளைக் கூட்டம் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஓடிவரும். ஓடாதீர்கள். திரும்பி நின்று, இரு கையையும் விரித்து, உறுதியான குரலில் அதட்டுங்கள்; பிறகு அமைதியாக நடங்கள்.
- நாய் கூட இருந்தால் குட்டைக் கயிற்றில் பிடியுங்கள். மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பிவிடும், அதைத் தூக்கிக்கொண்டு நின்றால் நீங்கள் தப்ப முடியாது.
- வேலியோரம் மெல்லிய கம்பி தெரிந்தால் மின்வேலி என்றே எண்ணுங்கள்.
- திறந்த கதவைத் திறந்தபடியே, மூடிய கதவை மூடியபடியே விட்டுச் செல்லுங்கள்.

நீரும் புல்லும்

பாதையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்காதீர்கள். தேங்கி நிற்கும் நீர் கணுக்காலைத் தாண்டினால் அதற்கும் இறங்காதீர்கள். கீழே வாய்க்கால் இருப்பது தெரியாது. தடுப்பணைக்கு அருகே குளிக்கவோ கால் நனைக்கவோ வேண்டாம். மேலே கண்ணாடி போல் அசையாமல் தெரியும் நீர் அடியில் இழுக்கும். ஆற்று நீரைக் குடிக்கவும் வேண்டாம். கையில் காயம் இருந்தால் ஆற்றில் கழுவாமல் மூடி வையுங்கள்.

கோடையில் காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்திருக்கும். அரைக்கால் சட்டை வேண்டாம். உயர்ந்த புல்லில் உண்ணி ஒட்டும். தினமும் இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவதெல்லாம் வேண்டாம். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் "உண்ணி கடித்தது" என்றே சொல்லுங்கள். லைம் நோய்க்குத் தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகும்.

அவசரத்துக்கு 999 அல்லது 112. கடைசியாகத் தாண்டிய லாக்கின் பெயரையும், எந்தப் பாலத்தை நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நாள் 3: நியூபிரிட்ஜ் – ஆக்ஸ்ஃபோர்டு (சுமார் 22 கி.மீ.)

நீண்ட நாள். 11, 16, 22 என்று ஏறும் வரிசையில் வைத்ததற்குக் காரணம், மூன்றாம் நாளில் கால் பழகி, பையும் சாப்பாடு தீர்ந்து இலேசாகியிருக்கும். காலை எட்டு மணிக்கு நடையில் இருங்கள்.

1. நார்த்மூர் லாக் தாண்டி பாப்லாக் ஹைத். முன்பு இங்கே பரிசல்துறை போல ஆள் கடத்தும் படகு ஓடியது. இப்போது பாதை ஆற்றை விட்டு விலகி உள்ளே வயல் வழியாகப் போகும். இங்கேதான் பலர் பிடிவாதமாகக் கரையோடு போகப் பார்த்து முள்வேலியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு கண்ணில் படாமல் வெகுநேரம் நடந்தாலும் பதறாதீர்கள். பின்க்ஹில்லுக்கு முன் மீண்டும் வந்து சேரும்.

2. பின்க்ஹில் லாக்கில் மதகைக் கடந்து அடுத்த கரைக்கு மாறுங்கள். மதகுக் கதவின் மேல் நடக்கும்போது ஒற்றை வரிசை, கைப்பிடிக் கம்பியை விடக் கூடாது.

3. ஸ்வின்ஃபர்ட் சுங்கப் பாலம், 1769. இன்றும் தனியார் சொத்து, இன்றும் கார்களுக்குச் சில பென்ஸ் வாங்குகிறார்கள், நடப்பவர்களுக்கு இலவசம். களைத்துப்போனவர்கள் இங்கே பாலம் ஏறி ஐன்ஷம் ஊருக்குப் போகலாம். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அடிக்கடி பேருந்து. மழை பிடித்தால் நான் இங்கேயே நிறுத்திவிடுவேன்.

4. ஐன்ஷம் லாக் தாண்டியதும் காடு. வைட்டம் பெருங்காடு ஆற்றை ஒட்டி இறங்கி வந்து நிற்கிறது. இரண்டரை நாள் திறந்த வானத்தின் கீழ் நடந்த பிறகு அந்த நிழலில் நுழைவதற்காகவே இந்தப் பாதையை இந்தத் திசையில் நடக்கச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எதிர்த்திசையில் நடப்பவர்களுக்குக் காடு முதல் நாளே முடிந்துவிடும்.

1942-லிருந்து இது பல்கலைக்கழகத்தின் காடு. இங்குள்ள சிட்டுக்குருவி அளவுப் பறவையான பெரிய பட்டாணிக் குருவிகளை 1947 முதல் ஆய்வாளர்கள் விடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு முட்டைக்கூட்டின் பாட்டி, கொள்ளுப்பாட்டி வரை அவர்களின் ஏட்டில் இருக்கும். வசந்தம் முந்தினால் குருவி முட்டையிடும் நாளும் முந்துகிறது என்பதை இங்கே நேரில் கண்டார்கள். ஆற்றங்கரைப் பாதைக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. காட்டுக்குள் நடக்க முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆகவே கரையை விட்டுச் சரிவில் ஏறாதீர்கள். மரங்களில் குருவிக்கூட்டுப் பெட்டி தெரிந்தால் தொடாதீர்கள்.

நிழலில் ஈரம் காயாது. மர வேர்கள் வழுக்கும். அடியைச் சுருக்கி வையுங்கள்.

5. கிங்ஸ் லாக், பிறகு நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் புகுந்தால் காட்ஸ்டோ. இடிந்த சுவர்கள் 1133-ல் தொடங்கிய கன்னிமடத்தினுடையவை. லூயிஸ் கரோல் 1862 ஜூலை 4 அன்று மூன்று சிறுமியரோடு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இதுவரை படகு வலித்து வந்தபோது சொல்லத் தொடங்கியதுதான் ஆலிஸின் கதை. கடைசி ஓய்வை இங்கே எடுங்கள். மிச்சமுள்ள கடலைமிட்டாயை இங்கே தீருங்கள்.

6. இடப்பக்கம் ஆற்றுக்கு அப்பால் விரியும் பசும்பரப்பு போர்ட் மெடோ. ஊர் மேய்ச்சல் நிலமாகப் பல நூறு ஆண்டுகளாக ஏர் படாமல் கிடக்கும் புல்வெளி. குதிரையும் மாடும் மேய்ந்துகொண்டிருக்க, பின்னால் ஆக்ஸ்ஃபோர்டின் கோபுரங்கள் மெல்லத் தலை காட்டும்.

7. பின்சியைத் தாண்டி, வானவில் பாலம் என்று ஊரார் சொல்லும் வளைந்த மெட்லி நடைபாலத்தைக் கடந்தால் ஃபிட்லர்ஸ் தீவு. நேரே போனால் ஆஸ்னி, பன்னிரண்டாவது லாக், அதன் பின் ஃபாலி பாலம். பாதைப் புத்தகங்கள் அங்கேதான் முடிக்கும்.

நான் முடிக்கும் இடம்

தமிழ் வாசகருக்கு வேறொரு முடிவைச் சொல்கிறேன். ஃபிட்லர்ஸ் தீவிலிருந்து இடப்பக்கச் சிறு பாலத்தில் போர்ட் மெடோவின் ஓரத்துக்கு மாறி, வால்டன் வெல் சாலையில் ரயில் பாதையைக் கடந்து, வால்டன் தெருவில் தெற்கே திரும்புங்கள். (புல்வெளி ஓரம் நீரில் மூழ்கியிருந்தால் இதைச் செய்யாதீர்கள், ஆஸ்னி வழியே ஊருக்குள் போய் வாருங்கள்.) ஜெரிக்கோ என்னும் அந்தப் பகுதியில், தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மரங்கள் சூழ்ந்த செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். ஜி.யு. போப் அங்கே உறங்குகிறார்.

1839-ல் தமிழகம் வந்து, சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகையிலும் பணி செய்து, முதுமையில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தவர். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-ல், நாலடியார் 1893-ல், திருவாசகம் 1900-ல், தன் எண்பதாம் வயதில். 1908-ல் இறந்தார்.

"இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று கல்லில் எழுதியிருக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதைத் தேடி ஏமாறாதீர்கள். அப்படி ஒரு வரி அங்கே இல்லை. இருப்பது, குடும்பத்தாரோடு சேர்ந்து தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அந்தக் கல்லை நாட்டினார்கள் என்ற செய்தி. ரஷியில் பலகை சொருகும் அணையையும் கெல்ம்ஸ்காட்டில் மோரிஸின் கூரைக் கல்லறையையும் பார்த்துவிட்டு வந்து இதன் முன் நிற்கும்போது, எனக்கு அந்தப் பள்ளிக்கூட வரியைவிட இந்த உண்மைதான் பெரிதாகப் பட்டது.

- தோட்டத்துக்குள் பாதை குறுகல்; மற்றக் கல்லறைகளை மிதிக்காமல் நடங்கள்.
- சேற்றுக் காலணியை வாயிலிலேயே துடைத்துக்கொள்ளுங்கள்.
- பூ வைப்பதென்றால் பிளாஸ்டிக் தாளைப் பிரித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கோ ஊதுவத்தியோ ஏற்ற வேண்டாம். கோடையில் புல் காய்ந்திருக்கும்.
- ரயில் நிலையம் இங்கிருந்து இருபது நிமிட நடை. பாடிங்டன் ரயிலில் உட்கார்ந்ததும் காலணியைக் கழற்றி, ரப்பர் செருப்பை மாட்டுங்கள்.